பன்னிரண்டாவது முள்

தவக்காலத்தின் மூன்றாவது வெள்ளிக்கிழமை. மீன் வேன் எங்கள் லயத்துக்குக் கீழே, தேயிலைச் சரிவு முடிகிற வளைவில் வந்து நின்றபோது மணி ஒன்பது நாற்பது. வழக்கத்தைவிடப் பதினைந்து நிமிடம் தாமதம். ஹாரன் மூன்று முறை ஒலித்தது. லயத்தில் மொத்தம் பதினான்கு வீடுகள். அதில் ஒன்பது வீடுகளில் தவக்காலத்து வெள்ளிகளில் இறைச்சி கிடையாது. அதனால் அந்த ஏழு வெள்ளியும் மீன்காரருக்கு எங்களிடம்தான் நல்ல வியாபாரம். அவர் லூமுட் பக்கத்துக்காரர். விடியுமுன் கடற்கரையிலிருந்து கிளம்பி, மலையேறி, கோலா தெர்லாவிலும் திரிங்காப்பிலும் காய்கறித் தோட்டக்காரர்களுக்கு விற்றுவிட்டு எங்களிடம் வந்து சேருவார்.

என் மனைவி பிளாஸ்டிக் பேசினை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நானும் பின்னால் போனேன். எனக்கு எழுபத்து நான்கு வயது, அவளுக்கு அறுபத்தெட்டு. நான் இறங்குவதற்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. ஆனால் பெட்டியில் ஐஸ் எவ்வளவு, மீனின் கண் எப்படி, செவுள் எப்படி என்று நான் பார்க்காமல் எங்கள் வீட்டுக்குள் மீன் வந்ததில்லை.

"என்னா டிரெஸரையா, இன்னிக்கும் செக்கிங்கா?" என்றார் மீன்காரர். "மீனு எங்கியும் ஓடிறாது லா. செத்துதான் வந்திருக்கு."

"அவர விடு தம்பி," என்றாள் என் மனைவி. "வீட்ல அரிசியக்கூட எண்ணித்தான் ஒலையில போடச் சொல்றாரு."

பக்கத்து வீட்டு அம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எண்ணுகிறவனைப் பார்த்துச் சிரிப்பது எண்ணாதவர்களுக்குச் சுலபம்.

அன்றைக்கு அவள் செம்பிலாங் கேட்டாள். கடல் கெளுத்தியை இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம். விலாங்கு போல நீண்ட வழுவழுப்பான உடம்பு, மீசை, செதில் கிடையாது. புளி போட்டுக் குழம்பு வைத்தால் அவளுக்கு வேறெதுவும் வேண்டாம். நான்கு மீன் எடுத்தாள். அந்த மீனுக்கு முதுகில் ஒரு முள்ளும், செவுளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முள்ளும் உண்டு. மூன்றும் விஷம். மீன்காரர் அவற்றைப் பெரிய கத்தரியால் வெட்டிப் போட்டுவிட்டுத்தான் கொடுப்பார். நான்கு மீன், மீனுக்கு மூன்று, ஆக பன்னிரண்டு.

அவர் வெட்ட ஆரம்பித்ததும் நான் எண்ண ஆரம்பித்தேன். அதே நேரம் மேல் ரோட்டில் பிரிஞ்சாங்கிலிருந்து கீழே இறங்கும் காய்கறி லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. முட்டைக்கோஸ் ஏற்றியது மூன்று, மூடியது இரண்டு. டக், டக் என்று கத்தரி பன்னிரண்டு தடவை ஒலித்தது. மீன்காரர் பேசினை நீட்டினார்.

"பன்னெண்டும் வெட்டியாச்சு," என்று நான் என் மனைவியிடம் சொன்னேன். "நா எண்ணிட்டேன். தைரியமா கழுவு."

இந்த மூன்று வாக்கியங்களை அதற்குப் பிறகு எத்தனை முறை எனக்குள் திருப்பிச் சொல்லியிருப்பேன் என்பதற்கு மட்டும் என்னிடம் கணக்கு இல்லை.

மீன்காரர் என்னை டிரெஸர் என்று அழைத்ததற்குக் காரணம் சொல்ல வேண்டும். இந்தத் தோட்டத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் முப்பத்து நான்கு வருடம் நான்தான் டிரெஸர். காயத்துக்குக் கட்டுப் போடுவது, ஊசி போடுவது, மருந்து கலக்குவது, பெரிய டாக்டர் வருகிற நாளில் அவருக்குப் பக்கத்தில் நிற்பது எல்லாம் என் வேலை. தேயிலைச் செடிக்குள் கையை விடுகிறவர்களை எது எது கடிக்கும், எது எது கொட்டும் என்று எனக்குத் தெரியும். குளவி, பூரான், கம்பளிப்பூச்சி, அட்டை, பச்சைப் பாம்பு. ஒவ்வொன்றையும் ரிஜிஸ்டரில் எழுதுவேன், வருடக் கடைசியில் கூட்டுவேன். அந்த முப்பத்து நான்கு வருடத்தில் கடலிலிருந்து வந்த ஒன்று கடித்தது, குத்தியது என்று ஒரு வரிகூட எழுதியதில்லை. எப்படி எழுத முடியும்? கடல் எங்களுக்குப் பல மணி நேரம் கீழே இருக்கிறது.

மணி பத்து பன்னிரண்டு. நான் முன்னறையில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்திருந்தேன். முதலில் எவர்சில்வர் சட்டி தரையில் விழுந்த சத்தம் கேட்டது. அதன்பின் அவள் குரல் கேட்டது.

அந்தக் குரல் எனக்குத் தெரியாத குரல். எங்களுக்குத் திருமணமாகி நாற்பத்தாறு வருடம். ஒருமுறை கொழுந்து கிள்ளும்போது குளவிக் கூட்டில் கை பட்டு, அவளாகவே மலையிறங்கி என் ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்தாள். பதினோரு கொட்டு. நான் ஒவ்வொன்றாக மருந்து தடவி முடிக்கும்வரை அவள் வாய் திறக்கவில்லை, 'இன்னும் எத்தன இருக்கு' என்று மட்டும் கேட்டாள். அப்படிப்பட்டவள் சமையலறையில் சுவரோடு சாய்ந்து, வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, விலங்கு கத்துவது போலக் கத்திக்கொண்டிருந்தாள்.

"என்னா? என்னா ஆச்சு?"

"முள்ளு… முள்ளு குத்திருச்சிங்க…"

"முள்ளதான் வெட்டியாச்சே!"

நான் முதலில் சொன்னது இதைத்தான். அவள் கட்டை விரலைப் பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

பிறகு பார்த்தேன். வலது கை, கட்டை விரல், நுனிச் சதையில் ஒரு சின்னத் துளை. ஒரு சொட்டு ரத்தம். துளையைச் சுற்றி ஒரு வெள்ளிக் காசு அளவுக்குத் தோல் வெளுத்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வெளுப்பின் ஓரம் நீலம் பாய்ந்தது. இவ்வளவுதானா என்று எனக்குத் தோன்றியது. ஊசி குத்தின அளவுகூட இல்லையே என்று நினைத்தேன். இதற்கு இப்படிக் கத்துகிறாள் என்றால் முள்ளோடு வேறு ஏதோ சேர்ந்து வந்திருக்கிறது, நெஞ்சாக இருக்குமோ என்று பயந்தேன். அவளுக்கு இனிப்புநீர் இருக்கிறது, ஒன்பது வருடமாக மாத்திரை. நாடி பிடித்தேன். நிமிடத்துக்கு நூற்றுப் பதினெட்டு. வெளியே குளிர் பத்தொன்பது டிகிரி, அவள் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது.

"மணிக்கட்டு வரைக்கும் வந்திருச்சிங்க," என்றாள். கொஞ்ச நேரத்தில், "மொழங்கை." அப்புறம், "கக்கம்." வலி ஏறுவதை அவள் வாயால் கேட்டேன்.

செத்த மீனின் முள். ஐஸ் பெட்டியில் கிடந்து, வேனில் மலையேறி வந்த மீன். உயிர் போனபின் அதன் விஷம் உயிரோடு இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, நானும் கேட்டதில்லை.

கொட்டுக்கு எல்லாம் ஐஸ்தான் என்று என் கைக்குப் பழக்கம். வீட்டில் ஐஸ் இல்லை. இந்தக் குளிரில் எங்கள் லயத்தில் யார் வீட்டிலும் இருக்காது. வேன் ஞாபகம் வந்தது. வயதை மறந்து ஓடினேன். வேன் அடுத்த வளைவில் நின்றிருந்தது.

"தம்பி, ஐஸ் கொடு. செம்பிலாங் குத்திருச்சி."

மீன்காரர் கையில் பிடித்திருந்த மீனைப் பெட்டியில் போட்டார். முகம் மாறிவிட்டது. "யாருக்கு? அக்காவுக்கா? ஐஸ் வேணாம்யா! சுடுதண்ணி வைங்க. கை பொறுக்குற சூடு. ஒடனே."

"கொட்டு வாங்குன எடத்துல சுடுதண்ணியா? வீக்கம் கூடும்."

"கூடாதுங்க. அந்த வெசத்துக்குச் சூடுதான் எதிரி. எங்க அப்பா போட்ல கெட்டில்ல தண்ணி கொதிக்காம வலையே இழுக்க மாட்டாரு."

"எனக்கு நீ வைத்தியம் சொல்லித் தரியா? முப்பத்து நாலு வருசம் தம்பி!"

"வருசம் இருக்கட்டும்யா. அதுல கடல் எத்தன நாளு?"

நானே பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பை நிறைய ஐஸ் அள்ளிக்கொண்டு திரும்பினேன். பின்னால் அவர் என்னவோ சத்தம் போட்டுச் சொன்னார். நின்று கேட்கவில்லை.

மணி பத்து பத்தொன்பதுக்கு அவள் விரலை ஐஸில் வைத்தேன். மணிக்கட்டுக்கு மேலே என் கைக்குட்டையால் இறுக்கிக் கட்டினேன். விஷம் ஏறாமலிருக்கக் கட்டும் பழைய கட்டு. அதை நிறுத்தச் சொல்லிப் பல வருடம் ஆகிவிட்டது. ஓய்வு பெறுமுன்னே நானே கங்காணிகளைக் கூட்டி உட்காரவைத்து, கட்டாதீர்கள் என்று பாடம் சொல்லியிருக்கிறேன். என் கை அதை மறந்து கட்டிவிட்டது.

ஐஸ் பட்டதும் அவள் துள்ளினாள். கையை உருவப் பார்த்தாள். நான் விடவில்லை. "கொஞ்சம் பொறு, மரத்துப்போயிடும்," என்று சொல்லி, அவள் கையைப் பிடித்து ஐஸுக்குள் அழுத்தினேன். அவள் உருவ, நான் அழுத்த. இருபத்திரண்டு நிமிடம். அவள் சத்தம் குறையும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குறையவில்லை. விரல் இரு மடங்கு வீங்கி ஈயம் போலக் கறுத்தது. அவள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, மிகவும் மெதுவாக, "என்னங்க, இந்தக் கைய வெட்டி எடுத்துடுங்க," என்றாள்.

அவள் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. கடையில் சாமான் கேட்பது போலக் கேட்டாள்.

அப்போதுதான் மீன்காரர் உள்ளே வந்தார். வேனை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறார். பின்னால், சத்தம் கேட்டு அவரைக் கூட்டி வந்த பக்கத்து வீட்டு அம்மாள்.

"ஐயோ, கட்டு வேறயா! மொதல்ல அத அவுருங்க."

"நீ வெளிய நில்லு தம்பி, நா பாத்துக்…"

"நீங்க சும்மா இருங்க!" என்றாள் என் மனைவி. "தம்பி, நீ சொல்றதச் செய்யி. இவரு மணிய எண்ணிகிட்டே இருப்பாரு."

மலைக்காட்டில் எல்லா வீட்டிலும் இருப்பதுபோல எங்கள் மேசையிலும் இரண்டு பிளாஸ்க் சுடுதண்ணீர் இருந்தது. காலையிலேயே கொதிக்கவைத்து ஊற்றி வைத்தது. இத்தனை நேரமும் எனக்கு மூன்றடி தூரத்தில் இருந்தது. மீன்காரர் ஒன்றைத் திறந்து பேசினில் ஊற்றி, பச்சைத் தண்ணீர் கலந்து, முழங்கையை விட்டுப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் கலந்தார்.

"ஐயா, உங்க கைய விடுங்க."

"என் கையா?"

"அவங்க கைக்கு இப்ப சூடு தெரியாது. வெந்துபோனாலும் சொல்ல மாட்டாங்க. உங்க கை தாங்குனாத்தான் அவங்க கைய விடணும். எடுக்காம ரெண்டு பேரும் வைங்க."

நான் இடது கையை விட்டேன். சுட்டது, ஆனால் தாங்க முடிந்தது. அவள் வலது கையைப் பக்கத்தில் வைத்தோம். ஒரே பேசினில் இரண்டு கிழட்டுக் கைகள். ஒன்று சிவந்துகொண்டு வந்தது, ஒன்று நீலமாகக் கிடந்தது. ஒரு நிமிடம், இரண்டு, மூன்று. அவள் இன்னும் முனகினாள். நான்காவது நிமிடம் முனகல் விட்டு விட்டு வந்தது. ஆறாவது நிமிடம் பற்களைக் கடித்திருந்த தாடை தளர்ந்தது. ஒன்பதாவது நிமிடம் அவள் தோள் இரண்டும் கீழே இறங்கின. நாற்காலியின் முதுகில் சாய்ந்தாள்.

"எறங்குது," என்றாள். "கக்கத்துலேர்ந்து எறங்கிருச்சி."

எனக்கு நம்ப முடியவில்லை. மருந்து இல்லை, ஊசி இல்லை, மாத்திரை இல்லை. தேநீர் போட வைத்திருந்த தண்ணீர். முப்பத்து நான்கு வருடம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இருந்தவன் இருபத்திரண்டு நிமிடமாக அவளை ஐஸில் அழுத்திச் சித்திரவதை செய்திருக்கிறேன். தண்ணீர் ஆறினதும் வலி திரும்ப ஏறியது, சூடு சேர்த்ததும் இறங்கியது. மூன்று தடவை அப்படி நடந்தது. அதற்குமேல் எனக்குச் சந்தேகம் வர வழியில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் தன் வீட்டில் கெட்டிலை வைத்து வைத்துக் கொண்டுவந்தாள்.

"வலி போச்சின்னு வீட்ல ஒக்காரக் கூடாதுங்க," என்றார் மீன்காரர். "உள்ள முள்ளு ஒடஞ்சி நிக்கும். ஆஸ்பத்திரி போவணும். குத்துன மீனு எங்க?"

மீன் நான்கும் தொட்டியில் கிடந்தன. அவர் ஒவ்வொன்றாகத் தூக்கித் திருப்பினார். நான் பக்கத்தில் நின்று எண்ணினேன், கண்ணால், விரலை நீட்டி நீட்டி. முதல் மீன், வெட்டிய தடம் மூன்று. இரண்டாவது மீன், மூன்று. மூன்றாவது மீன், மூன்று. நான்காவதில் முதுகில் தடம், வலது பக்கம் தடம். இடது பக்கம் ஈரத் தோலுக்குள் மடங்கி ஒட்டிக்கொண்டு, வெட்டப்படாமல் ஒரு முள். இரண்டு ஓரமும் ரம்பப் பல். நுனி மட்டும் ஒடிந்திருந்தது.

பதினொன்று.

"பன்னெண்டு தடவ வெட்டுனியே தம்பி," என்றேன்.

"வெட்டுனேங்க. ஆனா ஒரு முதுகு முள்ளு ரொம்ப மொத்தமா இருந்திச்சி, மொத வெட்டுல கத்தரி நழுவிருச்சி. அதையே திரும்ப வெட்டுனேன்." அவர் நெற்றியில் அறைந்துகொண்டார். "ஐயோ, என் தப்புதான்யா. பாத்துக் கொடுத்திருக்கணும்."

நான் எண்ணியது கத்தரியின் சத்தத்தை. கண் லோரியின் மேல் இருந்தது. இதைச் சொல்ல வேண்டிய இடம் அது. நான் சொல்லவில்லை. "சரி, சரி, கெளம்பு," என்றேன்.

அவர் வேனிலேயே போனோம். முன் சீட்டில் அவர், நடுவில் அவள், ஓரத்தில் நான். அவள் மடியில் சின்ன வாளி, வாளிக்குள் அவள் கை, என் காலிடுக்கில் பிளாஸ்க். முள்ளை வெட்டி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் சட்டைப் பையில் வைத்திருந்தார், டாக்டருக்குக் காட்ட. பள்ளி விடுமுறை. பிரிஞ்சாங் ரோட்டில் கீழிருந்து வந்த கார்கள் ஸ்ட்ராபெரி பார்க்க நகராமல் நின்றன. எங்களுக்கு முன்னால் முப்பத்தொரு வாகனம். நான் வாளித் தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பதும், சூடு ஊற்றுவதுமாக இருந்தேன். மீன்காரர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, "மன்னிச்சிருங்கக்கா, மன்னிச்சிருங்க," என்றார். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஜன்னல் பக்கம் பார்க்க வேண்டியிருந்தது.

அவள்தான் பேச்சை மாற்றினாள். "கடல்ல உள்ள எல்லாத்துக்கும் சுடுதண்ணிதானா தம்பி?"

"எல்லாத்துக்கும் இல்லக்கா. குத்துறதுக்குச் சூடு. செம்பிலாங், திருக்கை, கல்லு மாதிரி மண்ணுல கெடக்குமே லெப்பு, எல்லாம் குத்துற சாதி. சொறிமீனு குத்தாது, ஒட்டும். கயிறு கயிறா கோடு விழும். அதுக்குச் சுக்கா, அதான் வினிகர், ஊத்தணும், தேய்க்கக் கூடாது. எங்க ஊருக்கு வர்ற டூரிஸ்டு மண்ணப் போட்டுத் தேய்ப்பான், நல்ல தண்ணிய ஊத்துவான், அப்புறம் குதிப்பான்."

"பாம்பு?"

"அதான்கா பயமே. கடல் பாம்பு கடிச்சா வலி இருக்காது. ரெண்டு பல்லு தடம்தான். கடிபட்டவன் சிரிச்சிகிட்டு காப்பி குடிப்பான். கொஞ்ச நேரத்துல நாக்கு தடிக்கும், கண்ணு எமை விழும். அவன நடக்கவே விடக் கூடாது. துணியச் சுத்தி, ஆடாம தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும்."

வலி அதிகமானால் ஆபத்து அதிகம் என்றுதான் நான் எப்போதும் ஆட்களைத் தரம் பிரித்திருக்கிறேன். கத்துகிறவன் முதலில், சும்மா இருக்கிறவன் பிறகு. கடலில் அந்தக் கணக்கும் உதவாது போலிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர், தமிழ்ப்பெண். முள்ளைக் கையுறையோடு வாங்கி விளக்கில் பிடித்தாள்.

"யாரு சுடுதண்ணி வெச்சது? ரொம்ப நல்ல வேல."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் கதவருகில் நின்ற மீன்காரரைக் காட்டினேன்.

"அப்ப ஐஸ் வெச்சது? தோல்ல ஐஸ் பட்ட தடம் இருக்கு, மணிக்கட்டுல கட்டுன தடமும் இருக்கு."

"நான்," என்றேன். "நா இந்தத் தோட்டத்துல டிரெஸரா இருந்தவன்."

டாக்டர் அதைக் கார்டில் எழுதிக்கொண்டாள். திட்டியிருக்கலாம். எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் விரல் நுனியில் நகத்துண்டு போல ஒரு வெள்ளைக் கோடு எனக்குத் தெரிந்தது. டாக்டர் இரண்டு என்றாள். இரண்டாவது, எலும்பை ஒட்டி.

"அங்கிள், ஒங்ககிட்ட மறைக்கல. ஆண்டிக்கு இனிப்புநீர் இருக்கு, ரத்த ஓட்டம் நல்லா இல்ல, முள்ளு ஆழத்துல இருக்கு. சீழ் வெச்சிச்சின்னா கட்டை விரலே போவலாம். இன்னிக்கே ஈப்போவுக்கு அனுப்புறேன், எடுத்துருவாங்க. டெட்டனஸ் ஊசி இங்கயே போட்டுர்றேன்."

கட்டை விரல். வலது கை. கொழுந்து கிள்ளி ஓய்வு பெற்ற பிறகும் அவள் சும்மா இருக்கவில்லை. வாரத்தில் நான்கு நாள் திரிங்காப்பில் ஒரு பூந்தோட்டத்தில் சாமந்திக் கட்டுக் கட்டுகிறாள். கட்டுக்குப் பத்துத் தண்டு. கட்டை விரலால் அழுத்திப் பிடித்து, ரப்பர் வளையத்தை மாட்டுவாள். நான் ஒரு கட்டுக் கட்டுவதற்குள் அவள் ஆறு கட்டுவாள். வீட்டில் இருந்தால் என் எண்ணலைக் கேட்டுக் கேட்டுப் பைத்தியம் பிடித்துவிடும், அதனால்தான் வேலைக்குப் போகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லுவாள்.

ஆம்புலன்சுக்குக் காத்திருந்தோம். மீன்காரர் வேனைத் தள்ளி நிறுத்தப் போயிருந்தார். நீளப் பெஞ்சில் நாங்கள் இருவர்தான்.

"அது தம்பி மேல தப்பில்ல," என்றேன். "நா சத்தத்ததான் எண்ணுனேன். முள்ள எண்ணல."

"தெரியும்."

"தெரியுமா?"

"நீங்க மேல ரோட்ல லோரியப் பாத்துகிட்டே எண்ணுனீங்க. நா பாத்துகிட்டுதானே நின்னேன்."

"தெரிஞ்சுமா கைய விட்ட? அப்புறம் ஏன் கைய விட்ட?"

அவள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொன்னீங்களே," என்றாள்.

எனக்கு எதிரே சுவர்க் கடிகாரம் இருந்தது. ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரம் ஆனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஈப்போவில் அன்று மாலையே இரண்டு துண்டையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் மூன்றாம் நாள் விரல் சிவந்து சூடேறியது. திறந்து, கழுவி, மறுபடி மருந்து வைத்துக் கட்டினார்கள். நான்காம் நாள் காலையில் டாக்டர் விரலைப் பார்த்துவிட்டு வெளியே போய் இன்னொரு பெரிய டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். இருவரும் மலாயில் தணிந்த குரலில் பேசினார்கள். 'வெட்டுவது' என்ற சொல் ஒருமுறை காதில் விழுந்தது. அவளுக்கும் விழுந்திருக்கும். "சாமந்தி இல்லாட்டி கோவில்ல பெருக்குறேன்," என்றாள் என்னிடம், "பெருக்க நாலு வெரலு போதும்." நான் வெளியே வராந்தாவுக்குப் போய்விட்டேன். ஐந்தாம் நாள் சிவப்பு ஒரு கோடு அளவுக்கு இறங்கியது. ஆறாம் நாள் இன்னும் கொஞ்சம். வெட்டவில்லை. எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

விரல் இருக்கிறது. நுனி கொஞ்சம் குறுகி, தழும்பு குழி விழுந்திருக்கிறது. ஆனால் நுனியில் உணர்ச்சி இல்லை. ஊசி வைத்தாலும் தெரியவில்லை, சூடும் தெரியவில்லை. வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள்.

பெரிய வெள்ளிக்கு முந்தின வெள்ளி. மணி ஒன்பது இருபத்தைந்துக்கு ஹாரன் மூன்று முறை. நான் எழுந்திருக்கவில்லை. அவள் இடது கையில் பேசினை எடுத்துக்கொண்டு இறங்கினாள். எனக்கு இருப்புக் கொள்ளாமல் பின்னாலேயே போனேன்.

"தம்பி, செம்பிலாங் இருக்கா?"

மீன்காரர் திகைத்துப் போய் என்னைப் பார்த்தார்.

"வேணாங்கக்கா. கெம்போங் மீனு தர்றேன், வெச முள்ளே இல்லாதது. நல்ல கெம்போங்."

"ஒங்கிட்ட செம்பிலாங் இருக்கா இல்லியா?"

"இருக்கு…"

"அப்ப எடு லா. அது என்னக் குத்துனதுக்கு நா அதத் தின்ன வேணாமா?"

பக்கத்து வீட்டு அம்மாள் சிரித்தாள், ஆனால் வாயைப் பொத்திக்கொண்டு. மீன்காரர் நான்கு மீன் எடுத்தார். இந்தத் தடவை அவர் அவசரப்படவில்லை. பலகைமேல் பழைய செய்தித்தாள் விரித்து, ஒவ்வொரு முள்ளையும் வெட்டி, வெட்டிய முள்ளை எடுத்துத் தாள்மேல் வரிசையாக வைத்தார். முடிந்ததும் தாளை என் பக்கம் தள்ளினார்.

"எண்ணிக்குங்க ஐயா."

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் குனிந்து, இடது கைச் சுட்டுவிரலை முள்ளுக்கு மேலே படாமல் நகர்த்தி நகர்த்தி எண்ணினாள். ஒருமுறை. மறுபடி கடைசியிலிருந்து ஒருமுறை. பிறகு மீன் ஒவ்வொன்றையும் வாலைப் பிடித்துத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள்.

"பன்னெண்டு," என்றாள், யாரையும் பார்க்காமல்.

அவள் ஏறி வருவதற்குள் நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். கெட்டிலை வைத்தேன். கொதித்ததும் பிளாஸ்க் இரண்டையும் நிரப்பினேன். பெரிய பேசினைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து, சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து, கையை விட்டுப் பார்த்தேன். கொஞ்சம் சூடு கூடியிருந்தது. இன்னும் ஒரு குவளை பச்சைத் தண்ணீர் ஊற்றினேன்.

அவள் மீனோடு உள்ளே வந்து பேசினைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கேலி செய்வாள் என்று நினைத்தேன். கட்டை விரலைத் தண்ணீரில் நனைத்துவிட்டு எடுத்தாள்.

"சூடா இருக்கா?" என்று கேட்டாள். "எனக்குத் தெரியல."

நான் மறுபடி கையை விட்டேன். இந்தத் தடவை வேறு எதையும் பார்க்கவில்லை.

"இருக்கு," என்றேன். "கை பொறுக்குற சூடு."

அவள் கத்தியை எடுத்துக்கொண்டு மீனைக் கழுவ உட்கார்ந்தாள்.